மார்கழி இருட்டும் காடையின் மூளையும்

தஞ்சாவூர் வட்டாரத்தில் வீட்டுக்குப் பின்னால் பத்துப் பதினைந்து ஜப்பானியக் காடை வளர்ப்பவர்களிடம் கார்த்திகைக் கடைசியில் பேச்சுக் கொடுத்தால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "குளுருங்க, அதான் முட்டை நின்னுபோச்சு." பதிலோடு வைத்தியமும் தயாராக இருக்கும். கூண்டின் நாலு பக்கமும் தார்ப்பாயைக் கட்டி இறக்குவார்கள், மேலே சாக்கைப் போர்த்துவார்கள். முட்டை அப்போதும் வராது. ஒன்றிரண்டு வந்துகொண்டிருந்ததும் நின்றுபோகும். சில வீடுகளில் ஒரு வாரம் கழித்து, கண்ணில் நீர் வடிய ஒரு காடை மூலையில் ஒடுங்கி நிற்கும். அதற்கும் குளிர்தான் காரணம் என்று இன்னொரு சாக்கு ஏறும்.

வளர்ப்பவரின் அக்கறையில் குறை ஒன்றுமில்லை. டெல்டாவின் குளிர்காலத்தில் முட்டையிடும் காடைக்கு வேண்டியது போர்வை என்று நம்புவதில்தான் பிழை. அதற்கு வேண்டியது வெளிச்சம், ஈரமில்லாத தரை, ஓடும் காற்று. தார்ப்பாய் இந்த மூன்றையும் ஒரே நாளில் பறித்துவிடுகிறது.

முதலில் குளிரையே எடுத்துக்கொள்வோம். டிசம்பர், ஜனவரி இரவுகளில் தஞ்சாவூரிலும் கும்பகோணத்திலும் மன்னார்குடியிலும் வெப்பம் பெரும்பாலும் 20 டிகிரி செல்சியஸை ஒட்டியே இருக்கும். வளர்ந்த காடை மிக வசதியாக உணர்வது ஏறக்குறைய 20 முதல் 25 டிகிரி வரை. நாம் கம்பளி தேடும் மார்கழி இரவு அதற்கு இதமான வெப்பத்தின் ஓரத்தில்தான் இருக்கிறது. அதன் காட்டு மூதாதைகள் ஜப்பானிலும் கொரியாவிலும் வடகிழக்குச் சீனாவிலும் சைபீரியாவின் தென்கிழக்குப் புல்வெளிகளிலும் வாழ்ந்தவை. அந்த வழி வந்த பறவைக்கு நம் ஊரில் உண்மையான தொல்லை சித்திரை, வைகாசி வெயில்தான்.

இருந்தாலும் ஒரு எச்சரிக்கை உண்டு. காடையின் எடை 150 முதல் 200 கிராம்தான். உடல் வெப்பமோ 41, 42 டிகிரி. உடல் சிறுத்தால் எடைக்கு ஒப்பாகத் தோலின் பரப்பு கூடும், வெப்பமும் விரைவாகக் கசியும். இறகுகளுக்கு இடையே சிக்கி நிற்கும் காற்றுதான் அந்தக் கசிவைத் தடுக்கிறது. இறகு நனைந்தால் அந்தக் காற்று போய்விடும். நனைந்த காடை மேல் வாடை அடித்தால் 24 டிகிரியிலும் அது நடுங்கும். ஐப்பசி அடைமழையில் வடகிழக்கிலிருந்து சாரல் அடிக்கிறது. ஆகவே வடக்கிலும் கிழக்கிலும், கூண்டின் அடிமட்டத்திலிருந்து பறவையின் தலைக்கு ஒரு சாண் மேல் வரை மறைப்பு கட்டுவது சரி. அதற்கு மேலே திறந்திருக்க வேண்டும். மற்ற இரண்டு பக்கங்களை மூட வேண்டியதே இல்லை.

அப்படியானால் முட்டை ஏன் நிற்கிறது?

இதற்கு விடை முதலில் கிடைத்த இடம் கனடாவின் எட்மன்டன் நகரம். 1924-ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில் வில்லியம் ரோவன் என்ற விலங்கியலாளர் ஜங்கோ என்னும் சிறு பறவைகளைப் பிடித்துத் திறந்தவெளிக் கூண்டுகளில் வைத்தார். வெப்பம் பூஜ்யத்துக்கு வெகு கீழே போகும் ஊர் அது. கூண்டுக்குச் சூடு தர அவர் எதுவும் செய்யவில்லை. மின்விளக்கு மட்டும் வைத்து, பகலைத் தினமும் சில நிமிடங்கள் நீட்டிக்கொண்டே போனார். நடுக்குளிர்காலத்தில், பனிக்கு நடுவே, அந்தப் பறவைகளின் இனப்பெருக்க உறுப்புகள் வசந்தத்தில் வளர்வதுபோல வளர்ந்துவிட்டன. விளக்கில்லாத கூண்டில் இருந்தவற்றுக்கு வளரவில்லை. பறவையின் உடல் பருவத்தைக் கணிப்பது பகலின் நீளத்தை வைத்து என்பதை 1925-இல் 'நேச்சர்' இதழில் அவர் எழுதினார்.

அடுத்த கேள்வி, அந்த நீளத்தைப் பறவை எதைக் கொண்டு அளக்கிறது என்பது. கண் என்றுதான் யாரும் சொல்வார்கள். பிரான்சில் ஜாக் பெனுவா 1930-களில் வாத்துகளிடம் செய்த சோதனைகளில், கண் அகற்றப்பட்ட வாத்துகளும் நீண்ட பகலுக்கு இணங்கி வளர்ந்தன. வெளிச்சம் மண்டையோட்டைக் கடந்து மூளைக்குள்ளேயே போகிறது, அங்கே அதை உணரும் ஏதோ ஒன்று இருக்கிறது என்றார் அவர். நெடுநாள் பலருக்கும் நம்ப முடியாததாக இருந்த இந்த முடிவைப் பின்னாளில் உறுதிசெய்ய உதவிய பறவை நம் கூண்டில் இருக்கும் இதே ஜப்பானியக் காடைதான். ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகத்தில் தகாஷி யோஷிமுரா குழுவினர் 2003-லிருந்து படிப்படியாக அந்த வழியைத் திறந்துகாட்டினார்கள். காடையின் மூளையடியில், ஹைப்போதலாமஸ் பகுதியில், ஆப்சின்-5 என்ற ஒளியுணர் புரதம் இருப்பதை 2010-இல் அறிவித்தார்கள். நீண்ட பகல் வந்தால் பிட்யூட்டரி சுரப்பியின் ஒரு பகுதி தைராய்டைத் தூண்டும் ஹார்மோனைச் சுரக்கிறது. அந்த ஹார்மோன் கழுத்துப் பக்கம் போகாமல் மூளைப் பக்கமே திரும்பி, அங்கே தைராய்டு ஹார்மோனை முழு வீரியம் பெறச் செய்யும் நொதியை எழுப்புகிறது. அதன் தொடர்ச்சியாக இனப்பெருக்க ஹார்மோன்கள் வெளிப்படுகின்றன. பெட்டையின் சினைப்பையில் மஞ்சள்கரு திரள ஆரம்பிக்கிறது.

காடைக்கு இந்தச் சங்கிலி அசைவதற்கு ஒரே ஒரு நீண்ட பகல் போதும். இருபது சொச்சம் மணி நேரத்துக்குள் இரத்தத்தில் ஹார்மோன் ஏறிவிடுகிறது. இத்தனை விரைவாக மறுமொழி தரும் பறவைகள் அரிது என்பதால்தான் உலகெங்கும் சோதனைக்கூடங்கள் காடையைத் தேடிப் போயின.

எவ்வளவு நீளமான பகல் வேண்டும்? பதினொன்றரை மணிக்கும் பன்னிரண்டு மணிக்கும் நடுவே எங்கோ வாசல் இருக்கிறது. அதற்குக் கீழே போனால் உறுப்புகள் சுருங்கும். மேலே போகப்போக வளரும். 14 மணியைத் தாண்டினால் முழு வேகம். இப்போது தஞ்சாவூரின் வானத்தைப் பாருங்கள். ஏறக்குறைய 10.8 டிகிரி வட அட்சத்தில் இருக்கும் இந்த ஊரில் ஆண்டின் மிக நீண்ட பகல், ஜூனில், சுமார் பன்னிரண்டே முக்கால் மணி. மிகக் குறுகிய பகல், டிசம்பரில், ஏறக்குறைய பதினொன்றரை மணி. டோக்கியோவில் ஜூன் பகல் பதினாலரை மணி நேரம். டிசம்பரில் பத்து மணியைத் தொடாது. அங்கே காடைக்குக் கோடை எது, குளிர்காலம் எது என்பதில் ஐயமே எழாது. நம் ஊரில் ஆண்டு முழுவதும் அது வாசற்படியின் மேலேயே நிற்கிறது. ஜூனில் அரை மனதோடு இடுகிறது, டிசம்பரில் நின்றுவிடுகிறது. வட அட்சத்தின் கடிகாரத்தை உடலில் சுமந்துகொண்டு டெல்டாவுக்கு வந்துவிட்ட பறவை அது.

வந்த கதையும் அவ்வளவு பழையதில்லை. ஜப்பானியக் காடைகள் இந்தியாவுக்கு 1974-இல் கலிஃபோர்னியாவிலிருந்து, உத்தரப் பிரதேசத்தின் இசத்நகருக்கு வந்தன. பின்னர் அங்கே அமைந்த மத்தியப் பறவையின ஆராய்ச்சி நிலையம் அவற்றிலிருந்து பல வகைகளை உருவாக்கியது. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் நந்தனம் காடை வகைகளைத் தந்தது. நம் வயல்களில் பரம்பரையாக இருக்கும் மழைக்காடை இதற்கு உறவுதான், ஆனால் அதன் பழக்கம் வேறு. மழை இறங்கிப் புல் எழும்பும்போது அது இணை தேடிக் கூவும். அந்தக் காட்டுக் காடைகளை வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் காக்கிறது. கண்ணி வைத்துப் பிடிப்பது குற்றம். அறுவடை முடிந்த தாளடி வயலில் அது விருட்டென்று எழுந்து பறப்பதைப் பார்ப்பதே நமக்குப் போதும்.

டிசம்பரின் பதினொன்றரை மணிப் பகலும் கூண்டுக்கு முழுதாகப் போய்ச் சேர்வதில்லை. புயல் சின்னம் உருவாகி நாலைந்து நாள் மூட்டம் போட்டால் காலை எட்டு மணிக்கும் கீற்றுக் கொட்டகைக்குள் அந்தி போலத்தான் இருக்கும். அதன் மேல் தார்ப்பாய் இறங்கினால் பறவைக்குக் கிடைக்கும் பகல் இன்னும் இரண்டு மணி நேரம் குறைகிறது. இடுவதை நிறுத்தச் சொல்லி நாமே அதன் மூளைக்கு உத்தரவு போடுகிறோம்.

உங்கள் கூண்டில் நடப்பது இதுதானா என்று சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு, சேவல் ஒன்று இருந்தால். வளர்ந்த சேவலின் ஆசனவாய்க்கு மேலே, வால் பக்கமாக, சிவந்த உருண்டையான வீக்கம் இருக்கும்; மெல்ல அழுத்தினால் வெள்ளை நுரை வரும். ஆண் ஹார்மோனால் வளரும் சுரப்பி அது. பகல் குறைந்தால் சுருங்கிவிடும். ஆகவே பெட்டைகள் இடாத நாளில் சேவலைக் கையில் எடுத்துப் பாருங்கள். சுரப்பி வற்றியிருந்தால் குறை வெளிச்சத்தில். சுரப்பி திரண்டு நுரை தள்ளிக்கொண்டிருக்க, பெட்டை மட்டும் இடவில்லை என்றால் தீவனத்தையும் நோயையும் பெட்டையின் வயதையும் பார்க்க வேண்டும்.

விளக்கு வைப்பதில் எந்த நேரத்தில் என்ற கேள்வி முக்கியம். 1969-இல் இங்கிலாந்தில் பிரையன் ஃபாலெட்டும் பீட்டர் ஷார்ப்பும் காடைகளுக்கு ஒரு நாளில் 6 மணி நேரம் மட்டும் வெளிச்சம் தந்து, மிச்ச இருட்டுக்குள் 15 நிமிட வெளிச்சத்தை வெவ்வேறு நேரங்களில் கொடுத்துப் பார்த்தார்கள். 'விடிந்து' ஏறக்குறைய 12 முதல் 16 மணி நேரம் கழித்து அந்தக் கால் மணி வெளிச்சம் விழுந்தபோது உறுப்புகள் வளர்ந்தன. முன்னதாக விழுந்தபோது பயனில்லை. மூளை மொத்த வெளிச்சத்தைக் கூட்டிப் பார்க்கவில்லை. விடியலிலிருந்து எண்ணிக்கொண்டு போய், குறிப்பிட்ட மணியில் வெளிச்சம் இருக்கிறதா என்று பார்க்கிறது.

இதை வைத்துத்தான் நான் அதிகாலை விளக்கைப் பரிந்துரைக்கிறேன். மார்கழியில் கோயில் ஒலிபெருக்கி ஊரை எழுப்பும் 4 மணிக்குக் கூண்டு விளக்கு எரிந்தால் காடைக்கு அதுவே விடியல். அங்கிருந்து பன்னிரண்டு மணி எண்ணினால் மாலை 4. அதன் பிறகு சூரியன் மறையும் வரை உள்ள இயற்கை வெளிச்சம் அந்த உணர்வு நேரத்தில் சரியாக விழுகிறது; மொத்தம் 14 மணிப் பகலும் ஆகிவிடுகிறது. மாலையில் விளக்கு வைத்து 8 மணிக்குப் பட்டென்று அணைப்பவர்களும் உண்டு. முட்டை வரும், ஆனால் திடீர் இருட்டில் மிரண்ட காடை நெட்டுக்குத்தாக எழும்பி மண்டையைக் கூரையில் மோதிக்கொள்ளும். இயற்கை அந்தியோடு நாள் முடிந்தால் அந்த ஆபத்து இல்லை. எப்படியானாலும் கூண்டுக் கூரையின் அடியில் மெத்தென்ற வலையோ சாக்கோ கட்டிவைப்பது நல்லது.

பத்துக் காடைக் கூண்டுக்கு 3 அல்லது 5 வாட் மஞ்சள் நிற எல்.இ.டி. பல்பு தாராளம். தீவனத்தொட்டியும் தண்ணீர்க் குவளையும் பறவைக்குத் தெளிவாகத் தெரிந்தால் சரி. டைமர் ஒன்று வாங்கிவிடுங்கள். ஒரு நாள் 4 மணி, மறுநாள் 6 மணி என்று எரியும் விளக்கு கடிகாரத்தைக் குழப்பும். 5.30-இல் தொடங்கி வாரத்துக்கு அரை மணி நேரமாக முன்னால் தள்ளிக்கொண்டு வரலாம். 16 மணிக்கு மேல் கொண்டுபோகாதீர்கள். சுமார் 10 கிராம் முட்டை அந்தப் பெட்டையின் எடையில் ஐந்தாறு சதவீதத்துக்கும் மேலே. கோழிக்கு அது மூன்று சதவீத அளவுதான். இரவு முழுவதும் விளக்கை எரியவிட்டு அதன் உடலைப் பிழிவது எனக்கு ஏற்புடையதில்லை. செல்லமாக வளர்ப்பவர் மார்கழி, தை இரண்டு மாதமும் விளக்கே வைக்காமல் ஓய்வு கொடுத்தாலும் பறவைக்கு நல்லதே. அதன் உடல் தேறும்.

அடுத்தது ஈரம். சம்பா வயல்களில் தண்ணீர் நிற்க, காற்று முழுவதும் ஈரமாக இருக்கும் பருவம் இது. காடையின் எச்சத்தில் உள்ள யூரிக் அமிலத்தை நுண்ணுயிர்கள் அமோனியாவாக மாற்றுகின்றன. தரை ஈரமாக இருந்தால் அந்த வேலை பல மடங்கு விரைவாக நடக்கும். அமோனியா காற்றைவிட இலேசானது; வழியிருந்தால் மேலே போய்விடும். தார்ப்பாய் மூடிய கூண்டில் அதற்கு வழியில்லை. கண் எரிந்து நீர் வடிகிறது, மூச்சுக்குழாயின் நுண்மயிர்கள் செயலிழக்கின்றன, பிறகு கிருமி நுழைகிறது. தொடக்கத்தில் சொன்ன ஒடுங்கிய காடையின் கதை பெரும்பாலும் இதுதான். காலையில் கூண்டருகே குனிந்து மோந்து பாருங்கள். உங்கள் மூக்கில் நெடி ஏறினால், அந்த மட்டத்திலேயே இரவெல்லாம் இருந்த காடைக்கு எப்படி இருந்திருக்கும்!

ஈரத்தை உறிஞ்ச டெல்டாவில் உமியை விட எளிதாகக் கிடைப்பது எதுவுமில்லை. அரிசி ஆலையிலிருந்து காய்ந்த உமியாகக் கொண்டுவந்து இரண்டு அங்குலம் பரப்புங்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை கிளறுங்கள். குவளையைச் சுற்றிக் கட்டி தட்டும் இடத்தை மட்டும் அள்ளிப்போட்டுப் புதிது இடுங்கள். ஓர் ஓரத்தில் தட்டில் காய்ந்த ஆற்றுமணல் வையுங்கள். காடை அதில் புரண்டு குளித்து இறகின் எண்ணெய்ப் பிசுக்கையும் பேனையும் உதறும். சீராக இருக்கும் இறகே அதன் நல்ல போர்வை.

தீவனத்தில் ஒரு பெரிய ஏமாற்றம் நடக்கிறது. வீட்டில் நொய்யும் தவிடும் கிடைப்பதால் அதையே போடுகிறோம். அரிசியில் புரதம் ஏழெட்டு சதவீதம். இடும் காடைக்கு வேண்டியது சுமார் 20 சதவீதம். நாளொன்றுக்கு 25, 30 கிராம் தின்னும் பறவை, குளிர் நாளில் கொஞ்சம் கூடுதலாகத் தின்றாலும், இந்தப் பள்ளத்தை நொய்யால் நிரப்ப முடியாது. காடை முட்டைத் தீவனம் கிடைத்தால் அதைக் கொடுங்கள். ஓட்டுக்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டும். நாகப்பட்டினம், வேதாரண்யம் கரையில் கிடைக்கும் கிளிஞ்சலைச் சுடாமல், கழுவிக் காயவைத்து நொறுக்கி, தனிக் கிண்ணத்தில் வைத்தால் வேண்டியதைப் பறவையே எடுத்துக்கொள்ளும். பொதுவாகக் காடை பிற்பகலிலும் அந்தியிலும்தான் இடும். அடுத்த முட்டைக்கு ஓடு கட்டும் வேலை இரவில் நடக்கும். ஆகவே மாலையில் அந்தக் கிண்ணம் காலியாக இருக்கக் கூடாது.

ஈரப் பருவத்தில் தீவன மூட்டையைத் தரையில் வைத்தால் பூஞ்சை பிடிக்கும். 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் மடிந்தன. தேடிப்போனபோது அகப்பட்டது கடலைப் புண்ணாக்கில் வளர்ந்த பூஞ்சையின் நஞ்சு. அஃப்ளாடாக்சின் என்று இன்று அறியப்படும் நஞ்சு அது. கல்லீரலைத் தாக்கும், முட்டையைக் குறைக்கும், வேகவைத்தாலும் போகாது. மூட்டையைப் பலகை மேல், சுவரிலிருந்து தள்ளி வையுங்கள். பதினைந்து நாளுக்கு மேல் வாங்கிச் சேர்க்காதீர்கள். கட்டி தட்டிய தீவனத்தை உதிர்த்துப் போடவும் வேண்டாம், எறிந்துவிடுங்கள்.

இதுவரை சொன்னது எல்லாம் வளர்ந்த காடைக்கு. குஞ்சு விஷயத்தில் குளிர் உண்மையாகவே கொல்லும். 17, 18 நாளில் பொரிந்து வரும் குஞ்சு ஏழெட்டு கிராம் எடைதான். தன் வெப்பத்தைத் தானே காத்துக்கொள்ள அதற்கு இரண்டு மூன்று வாரம் ஆகும். முதல் வாரம் 35 முதல் 37 டிகிரி, பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரியாகக் குறைக்கலாம். இங்கே பலர் இன்று தடுக்கி விழுகிற இடம் ஒன்று உண்டு. முன்பு வீடுகளில் குண்டு பல்பு எரிந்தது; வெளிச்சத்தோடு சூடும் தந்தது. இப்போது எல்லாம் எல்.இ.டி. முட்டையிடும் பெட்டைக்கு வெளிச்சம் மட்டும் போதும், எல்.இ.டி. பொருத்தமானது. குஞ்சுக்கோ அதனால் பயனே இல்லை. குண்டு பல்போ அகச்சிவப்பு விளக்கோ வேண்டும். சூடு போதுமா என்பதைக் குஞ்சுகளே காட்டும். விளக்கடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குவிந்தால் குளிர். ஓரத்துக்கு ஓடி வாய் திறந்து மூச்சுவாங்கினால் சூடு. பரவிப் படுத்திருந்தால் நலம். தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போடுங்கள், இல்லாவிட்டால் அந்தச் சிறு உயிர் அதிலேயே முழுகிவிடும். வழுக்கும் செய்தித்தாளை விரிக்காதீர்கள். கால் அகன்று முடமாகும்.

மின்சாரத்தை நம்பி இவ்வளவு சொன்ன பிறகு, அது போனால் என்ன செய்வது என்றும் சொல்ல வேண்டும். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியபோது, பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பக்கம் தென்னைகளோடு மின்கம்பங்களும் சாய்ந்தன. பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. அப்படியொரு நிலையில் குஞ்சுகளைத்தான் முதலில் பார்க்க வேண்டும். சுடுநீர் நிரப்பிய பாட்டில்களைத் துணியில் சுற்றி அட்டைப்பெட்டியின் ஒரு பக்கம் வைத்து, ஆறியதும் மாற்றுங்கள். மூடிய அறையில் கரி அடுப்பு வைக்கவே வேண்டாம்; அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு குஞ்சையும் கொல்லும், பக்கத்தில் படுத்திருக்கும் உங்களையும் கொல்லும். பெட்டைகளைப் பற்றிப் பதற வேண்டாம். பேட்டரியில் எரியும் சின்ன விளக்கு அதிகாலையில் இருந்தால் இடுவது தொடரும். இல்லாவிட்டால் சில நாளில் நிற்கும். விளக்கு மீண்டதும் காடையின் மூளை முதல் நீண்ட நாளிலேயே கணக்கைத் தொடங்கிவிடும், சில வாரங்களில் முட்டை வரும். வெள்ளமும் புயலும் வரும் நாளில் எலியும் பாம்பும் மேட்டைத் தேடும் என்பதால் கூண்டு வலையின் கண் அரை அங்குலத்துக்கு மேல் இருக்கக் கூடாது.

தை பிறந்ததும் விளக்கை எடுத்துவிடலாமா என்று கேட்பார்கள். கூடாது. ஜூன் மாதத்திலும் இங்கே பகல் பதின்மூன்று மணியைத் தொடுவதில்லை என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ஆண்டு முழுவதும் முட்டை வேண்டும் என்றால் அந்த அதிகாலை விளக்கும் ஆண்டு முழுவதும் எரிய வேண்டும். சித்திரையில் அதற்கு இன்னொரு பயனும் உண்டு: வெயில் ஏறிய பிறகு தீவனத்தைத் தொட மறுக்கும் காடை, நாலு மணிக் குளிர்ச்சியில் வயிறு நிறையத் தின்றுவிடும்.